மின் ஏலத்தில் செடி வணிகம்: கட்சால் உணர்த்தும் படிப்பினை

வேளாண் விளைபொருள்களுக்கு நியாய விலை கிடைக்கச் செய்வது நாட்டின் வளர்ச்சிப் பணிகளுள் முதன்மையானது. அந்நோக்கத்துடன் தோன்றிய மின் ஏல முறை இன்று தேயிலை, ஏலக்காய் போன்றவற்றைக் கடந்து, தோட்டச் செடிகளையும் மரக்கன்றுகளையும் தன்னுள் ஈர்த்துவருகிறது. வீட்டிலிருந்தபடியே படத்தைப் பார்த்து விலை கேட்கவும், ஏலம் படிந்ததும் பணம் செலுத்தவும், செடியை அஞ்சலிலோ கப்பலிலோ பெறவும் இயலுகிறது. பெருஞ்சந்தைகளிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள சிற்றூர்களுக்கும் தீவுகளுக்கும் இது வரப்பிரசாதம் என்று கருதுவோர் உளர். நிக்கோபார் தீவுக் கூட்டத்தின் நடுவே அமைந்த கட்சால் தீவை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராயின், இம்முறையின் பயனும் வரம்பும் தெளிவாக விளங்கும்.

ஏலத்தின் அடிப்படை

ஏலம் என்பது விலையைக் கண்டறியும் ஒரு கருவியாகும். பொருளின் தரம் யாவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாங்குவோர் பலர் ஒரே நேரத்தில் போட்டியிட வேண்டும். இவ்விரண்டும் அமைந்தால் இடைத்தரகர் மறைத்துவைக்கும் விலை வெளிப்பட்டுவிடும். 1861இல் கல்கத்தாவில் தொடங்கிய தேயிலை ஏலம் இன்று தேயிலை வாரியத்தின் மின் ஏலமாக வளர்ந்துள்ளது. போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியம் ஏலக்காய்க்கு மின் ஏலம் நடத்திவருகிறது. ரப்பர் வாரியம் 2022இல் 'எம்ரூப்' என்னும் மின் வணிக மேடையைத் தொடங்கிவைத்தது.

மலருக்கும் செடிக்கும் உலகப் புகழ்பெற்ற ஏலக்கூடம் நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் நகரில் உள்ளது. அங்கு விலை மேலிருந்து கீழாக இறங்கும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே சரக்கு உரியதாகும். இன்று வாங்குவோர் தத்தம் அலுவலகங்களில் இருந்தபடியே கணினி வாயிலாக ஏலத்தில் பங்கேற்கின்றனர். ஆயினும் தொட்டிச் செடிகளில் பெரும்பகுதி ஏலக் கடிகாரத்தின் வழியே செல்வதில்லை. வளர்ப்போரும் வாங்குவோரும் முன்கூட்டியே பேசி முடிக்கும் ஒப்பந்தங்களின் வழியே விற்கப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது. ஏலத்திற்கே பெயர்பெற்ற நாட்டிலும் செடி வணிகம் வேறு வழியை நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு.

விளைபொருள் வேறு, கன்று வேறு

ஏலக்காயின் பருமனையும் நிறத்தையும் மாதிரியைக் கண்டே மதிப்பிடலாம். தேயிலையின் சுவையைச் சுவைத்து அறியலாம். கன்றின் தரமோ அதன் தோற்றத்தில் இல்லை, மரபில் உள்ளது. ரப்பர் மொட்டு ஒட்டுக் கன்று பால் வெட்டும் பருவத்தை எய்த இந்தியாவில் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகின்றன. 1980இல் வெளியிடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்னும் வகையைச் சேர்ந்தது எனச் சொல்லி விற்கப்படும் கன்று உண்மையில் அவ்வகையினதுதானா என்பதைச் சாதாரண விவசாயி கண்ணால் கண்டு உறுதிசெய்ய இயலாது. நெட்டைத் தென்னையும் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகலாம். விலை ஒரு நாளில் முடிவாகிறது. பலன் ஏழாண்டு கழித்தே தெரிகிறது. அதற்குள் நிலமும் உழைப்பும் உரமும் செலவாகிவிடுகின்றன.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் இத்தகைய சந்தையின் இயல்பை விளக்கினார். தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்திருந்து வாங்குபவர் அறியாதிருப்பின், வாங்குபவர் சராசரித் தரத்திற்குரிய விலையையே தர முன்வருவார். அவ்விலை நல்ல கன்றை உருவாக்கியவருக்குக் கட்டுபடியாகாது, அவர் விலகுவார். சராசரித் தரம் மேலும் தாழும். இறுதியில் சந்தையில் எஞ்சுவது தாழ்ந்த சரக்கேயாகும். இக்கருத்துக்காக அவர் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மின் ஏலம் வாங்குவோர் எண்ணிக்கையைப் பெருக்கும். ஆனால் இந்த அறியாமையை அதனால் போக்க இயலாது. செடியை நேரில் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் இல்லாமற்போவதால் அறியாமை மிகுதியாவதே இயல்பு.

மோகத்தின் விலை

அழகுச் செடிகளில் வேறொரு இடர் உண்டு. 1636–37இல் நெதர்லாந்தில் டியூலிப் கிழங்குகள் மண்ணில் புதைந்திருக்கும்போதே கைமாறின. 1637 பிப்ரவரியில் விலை சரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் இதன் சாயல் மின் ஏலங்களில் தென்பட்டது. 2021இல் நியூசிலாந்தின் 'டிரேட் மீ' தளத்தில், வெண்ணிறத் திட்டுகள் கொண்ட ஒரு சிறிய கொடிச் செடி 19,000 நியூசிலாந்து டாலருக்கும் மேலாக ஏலம் போயிற்று. பின்னர் திசு வளர்ப்பு முறையில் இத்தகைய அரிய செடிகள் பல பெருமளவில் உருவாக்கப்பட்டன. அவற்றின் விலையும் வீழ்ந்தது. ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் பொருளை மிகையாக மதிப்பிட்டவரே என்பது பொருளியலார் கண்ட உண்மை. அரிய செடி என்னும் பெயரை நம்பி முதலீடு செய்யும் சிறு நாற்றங்கால் உரிமையாளர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

கட்சாலின் நிலை

கட்சால் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்னைய போர்ட் பிளேர்) 400 கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே உள்ளது. தென்னையே நிக்கோபாரிகளின் வாழ்வாதாரம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சிலவும் இத்தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டன. ரப்பர் வாரியத்தின் முயற்சியில் தொடங்கிய அத்தோட்டம் பின்னர், 1977இல் நிறுவப்பட்ட அந்தமான் நிக்கோபார் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் வந்தது. அக்கழகத்தை மூட 2017இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கட்சாலில் பேரிழப்பை விளைவித்தது. கடலோரத் தென்னந்தோப்புகள் அழிந்தன. நிலம் தாழ்ந்த இடங்களில் உப்புநீர் புகுந்து நிலைத்தது. மீண்டும் தோப்பு அமைக்க நல்ல கன்று எவ்வளவு இன்றியமையாதது என்பதை இத்தீவு மக்கள் அனுபவத்தில் அறிவர். தவறான கன்று நடப்பட்டால் ஒரு தலைமுறையின் வருமானமே குறையும்.

தொலைத்தொடர்பு வசதி மேம்பட்டுவருகிறது. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10இல் தொடங்கிவைக்கப்பட்டது. கார் நிக்கோபார், கட்சாலுக்கு அண்மையிலுள்ள கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவை அதன் நேரடி இணைப்பைப் பெற்றன. கட்சால் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. எனினும் பெரிய இடர்ப்பாடு செய்தி செல்வதில் இல்லை. சரக்குச் செல்வதில்தான் உள்ளது. சென்னையிலிருந்து தலைநகருக்கே கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அங்கிருந்து வேறு கப்பலேறி, வானிலை இடங்கொடுத்தால் கட்சாலை அடைய வேண்டும். ஏலம் நொடியில் முடியலாம். உயிருள்ள கன்று அத்தனை நாளும் வாடாமல் இருத்தல் வேண்டும்.

சட்டமும் நோய்க் காப்பும்

நிக்கோபார் காடுகளில் அரிய ஆர்க்கிடுகள் உள்ளன. சேகரிப்போர் தரும் உயர்ந்த விலை காட்டுச் செடியைப் பெயர்த்தெடுக்கத் தூண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1991இல் திருத்தப்பட்டபோது, குறிப்பிட்ட தாவரங்களை உரிமமின்றி வளர்ப்பதும் விற்பதும் தடைசெய்யப்பட்டன. பழங்குடியினர் தம் மாவட்டத்தில் சொந்தப் பயனுக்காக அவற்றைச் சேகரிக்க இடமளிக்கப்பட்டது; விற்பனைக்கு அன்று. 2022ஆம் ஆண்டின் திருத்தம் உலக உடன்படிக்கைக்கு உட்பட்ட இனங்களின் வணிகத்தையும் நெறிப்படுத்தியது. ஆர்க்கிடுகள் அனைத்தும் அவ்வுடன்படிக்கைக்கு உட்பட்டவையாதலால், அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதிச் சான்று தேவை. மேலும் கட்சால் பழங்குடியினர் காப்புப் பகுதியாகும். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்கீழ் வெளியார் அங்குச் செல்வதும் வணிகம் நடத்துவதும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. கணினித் திரையில் நடைபெறும் வணிகம் என்பதால் இக்கட்டுப்பாடுகள் தளர்ந்துவிடுவதில்லை.

நோய்க் காப்பு இதனினும் நுண்மையானது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ குறுகிய காலத்தில் தென்மாநிலத் தோப்புகளில் பரவியது. பூச்சி தாக்கிய கன்றுகளை இடம்பெயர்த்ததும் அதற்கு ஒரு காரணமாகும். தீவுக்குக் கடல் இயற்கை அரண். மண் ஒட்டிய ஒரு கன்று அவ்வரணைக் கடக்கும்போது பூச்சியும் புழுவும் உடன் கடக்கின்றன. இக்கேட்டின் விலை ஏலத் தொகையில் சேர்வதில்லை. அதனைச் சுமப்பவர் வாங்கியவர் மட்டுமல்லர், தீவினர் அனைவருமே ஆவர்.

செய்ய வேண்டியவை

மேற்கூறியவற்றால் மின் வணிகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது பெறப்படாது. எதனை ஏலத்தில் விடலாம், எதனை விடலாகாது என்று பகுப்பதே தேவையாகும். கொப்பரை, தேங்காய் எண்ணெய் போன்று தரம் பிரிக்கத்தக்க விளைபொருள்களுக்கு மின் ஏலம் மிகப் பொருத்தமானது. ஒரே வணிகரை நம்பியிருக்கும் நிலையினின்று தீவினர் விடுபட அது துணைபுரியும். தோப்புக்குரிய கன்றுகளோ அறிவிக்கப்பட்ட நிலை விலையில், சான்று பெற்ற நாற்றங்காலிலிருந்து வருதலே நன்று. தென்னை வளர்ச்சி வாரியம் விதைப் பண்ணைகளை நடத்துகிறது. தேசியத் தோட்டக்கலை வாரியம் நாற்றங்கால்களுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அன்னபூர்ணா, சூர்யா, ஓம்கார், சந்தன் ஆகிய குட்டைத் தென்னை வகைகளை வெளியிட்டுள்ளது. இவற்றுள் சில அழகுக்காகவும் விரும்பப்படுபவை, தீவிலேயே உருவாக்கத்தக்கவை.

நாற்றங்காலில் வளர்க்கப்பட்ட அழகுச் செடிகள் மின் ஏலத்திற்கு வருமாயின் மூன்று நிபந்தனைகள் வேண்டற்பாலன. முதலாவது, ஒவ்வொரு செடிக்கும் தாய்ச்செடியும் நாற்றங்காலும் அறியத்தக்க அடையாளச் சீட்டு. இரண்டாவது, மண் நீக்கிய வேருடன், பூச்சி நோயற்றது என்னும் சான்று. மூன்றாவது, செடி உயிருடன் சென்றடைந்தபின்பே விற்பவருக்குப் பணம் விடுவிக்கும் ஏற்பாடு. இவை தனியொருவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. கூட்டுக் குடும்ப உடைமை மரபு நிலவும் நிக்கோபாரில் கூட்டுறவு அமைப்பு இப்பொறுப்பை ஏற்பது பொருந்தும்.

விலையைக் கண்டறியக் கணினி போதும். நம்பிக்கையை உண்டாக்கத் தாய்மரப் பதிவேடும், நாற்றங்கால் ஆய்வாளரும், துறைமுகத்தில் கன்றைச் சோதிக்கும் அலுவலரும் தேவை. இவ்வடிப்படைப் பணிகள் முந்தி அமைந்தால், இன்று கட்சாலில் நடப்படும் கன்று ஏழாண்டு கழித்து நட்டவர் எதிர்பார்த்த பலனையே தரும்.