பிரிட்ஜ் வகுப்பு: 15 வார்த்தையில் ஒரு மொழி

போன செப்டம்பரில் எங்க ஊர் பிரிட்ஜ் கிளப்பில் சேரப் போனேன். நியூ ஜெர்சியில் நடுத்தரமான ஊர், அதில் ஒரு சின்ன கிளப். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி: புதியவரா, ஓரளவு தெரிந்தவரா, நன்றாக ஆடுபவரா? யோசிக்காமல் நடுவில் இருந்ததில் டிக் அடித்தேன். காரணம் இருந்தது. பெரியம்மா வீட்டுத் திண்ணையில் 304 ஆடி வளர்ந்தவன் நான். அது போக, மூணு மாசமா மொபைல் ஆப்பில் பிரிட்ஜ் ஆடி, பாதிக்கு மேல் ஜெயிச்சும் இருந்தேன். அந்த டிக் தப்பு. எப்படித் தப்பாச்சு என்பதுதான் இந்தப் பதிவு.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நாலு பேர், 52 சீட்டு, ஆளுக்கு 13. எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் ஜோடி. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போட்டால் ஒரு பிடி. மொத்தம் 13 பிடி. முதலில் ஏலம்: எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று கேட்டு ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஏலம் முடிந்தபின் ஆட்டம். ஏலம் எடுத்த ஜோடியில் ஒருவர் தன் சீட்டு முழுவதையும் மேசையில் விரித்துவிடுவார். அந்தக் கைக்கு டம்மி என்று பெயர். இரண்டு கையையும் மற்றவரே ஆடுவார்.

304 ஆடியவர்களுக்கு இதில் முக்கால்வாசி பழக்கம்தான். அங்கும் ஜோடி உண்டு, துருப்பு உண்டு, கேள்வி உண்டு, வெட்டு உண்டு. ஒரே சிக்கல், 304-ல் ஜாக்கிதான் ராஜா, 30 புள்ளி. பிரிட்ஜில் ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்கிக்கு வெறும் 1. ஜாக்கியைப் பார்த்ததும் மனசு குதிப்பதை நிறுத்தவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

உண்மையான வித்தியாசம் ஏலத்தில் இருக்கிறது. ஏலத்தில் நாம் சொல்லக்கூடிய வார்த்தைகள் மொத்தமே 15. ஒன்று முதல் ஏழு வரை எண்கள். ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர். துருப்பே வேண்டாம் என்பதற்கு நோ டிரம்ப். அப்புறம் பாஸ், டபுள், ரீடபுள். அவ்வளவுதான். இழுத்துச் சொல்லக் கூடாது, பெருமூச்சு கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. அதற்காகவே கிளப்புகளில் வாயைத் திறக்காமல், ஒவ்வொருவர் பக்கத்திலும் இருக்கும் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வைக்கிறார்கள். ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுகளின் சேர்க்கை 63,501 கோடிக்கு மேல். அதைப் பற்றி 15 வார்த்தையில் ஜோடிக்குச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. ஒரு வார்த்தைக்கு நீங்களும் ஜோடியும் என்ன அர்த்தம் வைத்திருக்கிறீர்கள் என்று எதிராளி கேட்டால் சொல்ல வேண்டும். ரகசியக் குறி வைத்தால் அது மோசடி. எங்க தொழில் பாஷையில் சொன்னால், யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய புரோட்டோகால். இந்த இடத்தில்தான் எனக்குப் பிரிட்ஜ் மேல் பைத்தியம் பிடித்தது.

முதல் வகுப்பு. எதிரே 74 வயசு அம்மையார், ஓய்வு பெற்ற நர்ஸ். (அங்கே பாதிப் பேருக்கு 70-க்கு மேல். 46 வயசில் நான் அங்கே பையன்.) எனக்கு 16 புள்ளி, எல்லா வகையிலும் சமமாகப் பரவிய கை. ‘ஒரு நோ டிரம்ப்’ வைத்தேன். அவர் ‘இரண்டு ஹார்ட்’ வைத்தார். ஹார்ட் நிறைய வைத்திருக்கிறார் போல என்று நான் பாஸ். என் கை டம்மியாக விரிந்தது, ஆடியவர் அவர். அவரிடம் ஒரே ஒரு ஹார்ட், ஐந்து ஸ்பேட். என்னிடம் மூன்று ஹார்ட். எதிராளிகளிடம் ஒன்பது துருப்பு! எட்டு பிடி எடுக்க வேண்டிய இடத்தில் அவரால் மூன்றுதான் எடுக்க முடிந்தது. ‘இதென்ன ஏலம்?’ என்பது போல அவரைப் பார்த்தேன். சத்தியமாக வாயால் சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது.

தப்பு என்னுடையது. ஒரு நோ டிரம்புக்குப் பதிலாக இரண்டு ஹார்ட் என்றால், ‘எனக்கு ஐந்து ஸ்பேடாவது இருக்கு, நீ இரண்டு ஸ்பேட் சொல்’ என்று அர்த்தம். டிரான்ஸ்ஃபர் என்பார்கள். ஸ்பேட் இருக்கிறவர் நேரே ஸ்பேட் சொன்னால் என்ன? சொன்னால் அவர் ஆடுபவர் ஆகிவிடுவார். நோ டிரம்ப் சொன்ன வலுவான கை டம்மியாக மேசையில் விரிந்துவிடும். சுற்றி வளைத்துச் சொன்னால் வலுவான கை மறைந்தே இருக்கும், பலவீனமான கை விரியும். அருமையான ஏற்பாடு.

இது எனக்குத் தெரியாதா? ஆப்பில் நூறு தடவை செய்திருக்கிறேன். பிறகுதான் உறைத்தது: ஆப்பில் ஒவ்வொரு ஏலத்தையும் தொட்டால் அதன் அர்த்தம் கீழே வரும். நான் பிரிட்ஜ் கற்றுக்கொள்ளவில்லை, சப்டைட்டில் படித்துக்கொண்டிருந்தேன்.

இதில் கூடுதல் அவமானம், கிளப்பில் ஆடுவது டூப்ளிகேட் முறை. ஒரே சீட்டுப் பகிர்வை மேசை மேசையாக எடுத்துப்போய் எல்லோரும் ஆடுவார்கள். ‘கை சரியில்லை’ என்று சாக்குச் சொல்ல முடியாது. மற்ற மேசைகளில் எல்லோரும் இரண்டு ஸ்பேட் ஆடியிருந்தார்கள். இடைவேளையில் ஆசிரியர் வந்து, முதல் வகுப்பில் எட்டு வாரம் உட்காருகிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த வாரமே அந்த அம்மையார் வேறு ஜோடியோடு உட்கார்ந்திருந்தார். கதவு வழியாகப் பார்த்தேன்.

முதல் வகுப்பில் இரண்டு வாரம் ஏலமே கிடையாது. மினிபிரிட்ஜ். ஆளாளுக்குப் புள்ளியைச் சொல்ல வேண்டும், அதிகப் புள்ளி உள்ள ஜோடி டம்மியைப் பார்த்துவிட்டே இலக்கைத் தீர்மானிக்கும். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. ஆனா முதல் சீட்டு போடுவதற்கு முன் நிச்சயமான பிடிகளை எண்ணும் பழக்கம் அங்கேதான் வந்தது. 304-ல் நான் எண்ணியதே இல்லை, கையில் வந்ததை வீசுவேன்.

எண்ணத் தொடங்கியதும் நிகழ்தகவு உள்ளே வந்தது. ஒரு வகையில் ஆறு சீட்டு எதிராளிகளிடம் இருந்தால் மூன்று-மூன்றாகப் பிரியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது 36 சதவீதம்தான். நாலு-இரண்டு 48 சதவீதம். நம்பாமல் வீட்டுக்கு வந்து பைத்தானில் ஒரு லட்சம் தடவை சீட்டு போட்டுப் பார்த்தேன், அதேதான். காரணம் சுலபம்: நாலு-இரண்டு இரண்டு விதமாக வரலாம். இடப்பக்கம் நாலு, அல்லது வலப்பக்கம் நாலு. மூன்று-மூன்றுக்கு அந்த வசதி இல்லை. அதுவே ஐந்து சீட்டு வெளியே இருந்தால் மூன்று-இரண்டு 68 சதவீதம். ஒற்றைப்படையில் வெளியே இருந்தால் நிம்மதி.

மூன்றாம் வகுப்பை ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் தங்கள் சீட்டைப் பற்றிப் பேசுவதே குறைவு. ஓர் ஆட்டத்தில் ஹார்ட் கிங் யாரிடம் என்று தெரிய வேண்டும். எங்களுக்கு அது 50-50. அவர்கள் சொன்னது இது: இடப்பக்கத்தவர் முதல் ஆளாக ஏலம் தொடங்கி பாஸ் சொன்னார். அதன்பின் அவரிடமிருந்து ஸ்பேட் ஏஸ், கிங், டைமண்ட் ஏஸ் வந்துவிட்டன. 11 புள்ளி. ஹார்ட் கிங்கும் இருந்தால் 14; 12 இருந்தாலே ஏலம் தொடங்கியிருப்பார். ஆகவே கிங் வலப்பக்கம். அரை மணி முன்னால் சொன்ன ஒரு பாஸை நினைவில் வைத்து, பாதிக்குப் பாதியை நிச்சயமாக மாற்றிவிட்டார்கள். மூன்று வகுப்புக்கும் விதி ஒன்றுதான். அதே பாஸ் எங்கள் வகுப்பில் வெறும் மௌனம்.

கம்ப்யூட்டருக்கும் இந்த இடம் லேசானதில்லை. செஸ்ஸில் 1997-லேயே டீப் ப்ளூ காஸ்பரோவை ஜெயித்தது. பிரிட்ஜில் 2022-ல் பாரிஸில் நூக் என்ற மென்பொருள் எட்டு உலக சாம்பியன்களைவிட நன்றாக ஆடியது, பெரிய செய்தியானது. ஆனால் அந்தப் போட்டியில் ஏலம் கிடையாது. சீட்டு ஆடுவது மட்டும்தான். நான் சறுக்கிய பாதியை அங்கே ஒதுக்கி வைத்துவிட்டார்கள்!

மார்ச்சில் இரண்டாம் வகுப்புக்குத் திரும்பினேன். நர்ஸ் அம்மையாரின் ஜோடி ஃப்ளோரிடாவுக்குக் குடிபோயிருந்தார். அவரே வந்து எதிரே உட்கார்ந்தார். செப்டம்பரில் பார்த்த பார்வைக்கு மன்னிப்புக் கேட்டேன். நாற்பது வருஷம் டாக்டர்களின் முகத்தைப் பார்த்தவள் நான் என்றார். நாலாவது போர்டில் எனக்கு 15 புள்ளி, ஒரு நோ டிரம்ப். அவர் இரண்டு ஹார்ட் அட்டையை எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். இரண்டு ஸ்பேட் வைத்தேன். எட்டு பிடி வேண்டிய இடத்தில் ஒன்பது எடுத்தேன். கிளாவரில் ஒன்றைக் கோட்டை விட்டேன், பத்து வந்திருக்க வேண்டும். அதையும் அவர்தான் காட்டினார்.