வெங்காய ஏற்றுமதியும் அனுமதி விதிகளும்

திருச்சிராப்பள்ளி தில்லை நகரிலிருந்து வெங்காயத்தை அயல்நாட்டுக்கு அனுப்ப விரும்புவோர் இரண்டு சர்க்கார்களின் விதிகளை அனுசரித்தல் அவசியம்.

முதலாவது, நம் நாட்டு விதி. அயல்நாட்டு வர்த்தக டைரக்டர் ஜெனரலிடம் ஏற்றுமதியாளர் எண் பெறவேண்டும். பூச்சியும் நோயும் இல்லையென்று பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி அளிக்கும் அத்தாட்சிப் பத்திரம் சரக்குடன் செல்லவேண்டும். இரண்டாவது, வாங்கும் நாட்டின் விதி. இறக்குமதி அனுமதியும், பூச்சிமருந்து எச்சத்தின் அளவும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஓரிடத்தில் ஏற்கப்பட்ட சரக்கு மற்றோரிடத்திலும் ஏற்கப்படுமென்று கொள்ளலாகாது.

விதிகள் திடீரென மாறுவதும் உண்டு. 2023 டிசம்பர் 8 முதல் நம் நாட்டில் வெங்காய ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அறிவிப்புக்கு முன்னரே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்குக்கு இடங்கொடுக்கப்பட்டது. கையில் ஒப்பந்தம் மட்டும் இருந்தது போதவில்லை. 2024 மே 4-ந் தேதி தடை நீங்கியபோது, டன்னுக்குக் குறைந்தபட்சம் 550 டாலர் விலையும், நூற்றுக்கு 40 விகித வரியும் ஏற்பட்டன. அவையும் பின்னர் நீக்கப்பட்டன.

ஆதலால், விலை பேசுமுன் வாங்குவோரின் நாட்டு நிபந்தனைகளை எழுத்து மூலம் பெறுக. இடையில் தடை நேர்ந்தால் நஷ்டம் எவரைச் சேரும் என்பதை ஒப்பந்தத்திலேயே குறிக்க. சரக்கு ஏற்றும் தினத்தில் சர்க்கார் அறிவிப்பை மறுபடியும் பார்த்தறிக. தாள் நீக்கி நன்கு உலர்த்திய வெங்காயமும் காலவரையின்றிக் காத்திராது.