குளிர்காலைப் பரீட்சை

அமெரிக்காவின் வடகோடியிலுள்ள மினசோட்டாவிலும் வட டகோட்டாவிலும், எல்லைக்கு அப்பால் கனடாவின் மானிடோபாவிலும், ஜனவரி மாதத்து விடியற்காலைகளில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி செல்ஸியஸைத் தாண்டி இறங்கி நிற்பது விசேஷமன்று. இரவெல்லாம் பனியில் கிடந்த பழைய பிக்கப் வண்டியொன்று, சாவியைத் திருப்பியதும் உறுமி எழுந்து, சில விநாடிகள் ஓடித் தடுமாறி நின்றுபோவதும் அங்கே விசேஷமன்று. மறுபடி திருப்பினால் எழுகிறது, மறுபடியும் நிற்கிறது. இப்படி நாலைந்து தடவை அலைக்கழித்த பிறகு ஒருவாறு ஓடத் தொடங்கி, பத்து நிமிஷத்தில் சூடேறிவிட்டதானால், அன்று மாலைவரை அதனிடம் ஒரு குறையும் காண முடிவதில்லை. பட்டறைக்கு ஓட்டிச் சென்றால், வழியிலேயே சூடாகிவிட்ட அந்த எஞ்சின் மெக்கானிக்கின் முன்னால் பழுதற்றதாக நின்று ஓடுகிறது. அவரும் பாவம், எதைக் கண்டு எதைத் திருத்துவார்?

ஆகவே இந்தக் கோளாற்றை ஆராயப் புகுகிறவர் வேறெதற்கும் முன்னால் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியது, குளிர்ந்த எஞ்சின் நமக்கு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கிறது என்பதாகும். இரும்பும் அலுமினியமும் எண்ணெயும் தண்ணீருமாகத் திரண்டிருக்கும் அந்தப் பெரும் பிண்டம், உள்ளும் புறமும் ஒரேபடியாக வெளிக்காற்றின் உஷ்ண நிலைக்கு வந்துசேர ஓர் இரவு முழுதும் வேண்டும். சாவியைத் திருப்பி ஒரு நிமிஷம் ஓட்டிவிட்டாலோ அந்தச் சமநிலை குலைந்துபோய், அதை மறுபடி பெற மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டியதாகிறது. இவ்வளவு அரிதாகக் கிடைக்கும் பரீட்சையை, முதல்நாள் மாலையில் கடைக்குப் போய்ப் பிளக்கும் வயரும் சென்சாருமாக வாங்கி வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றி வீணாக்குகிறவர்கள் ஏராளம். அவர்களுடைய வண்டி குணமானால் எதனால் குணமாயிற்று என்று தெரியாது. குணமாகாவிட்டால், மாற்றியவற்றில் ஏதேனும் புதிய கோளாற்றைக் கொண்டுவந்ததா என்றும் தெரியாது.

குளிர் ஏன் எஞ்சினை இப்படி வதைக்கிறது? திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. அந்த ஆவியும் காற்றோடு ஓர் அளவுக்குள் கலந்திருந்தால்தான் பற்றும்: கன அளவில் ஏறக்குறைய 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும், 7.6 சதவீதத்துக்கு மிஞ்சினாலும், எவ்வளவு நல்ல பொறி விழுந்தாலும் பயனில்லை. சூடேறிய எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் சரியாக எரிவதற்குப் போதுமானது. ஆனால் பெட்ரோல் என்பது ஒரே வஸ்து அன்று; நாலு கார்பன் அணுக்கள் உள்ள இலேசான மூலக்கூறுகளிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள கனத்த மூலக்கூறுகள் வரையில் பலவற்றின் கலவை. கடுங்குளிரில் இவற்றுள் இலேசானவை மட்டுமே ஆவியாகின்றன. மற்றவை துளிகளாகவே போய்க் குழாயின் சுவரிலும் சிலிண்டரின் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்கின்றன. ஈர விறகை மூட்டுகிறவள் சுள்ளியையும் ஓலையையும் தனியே பொறுக்கி அடியில் வைக்கலாம்; பெட்ரோலின் இலேசான பகுதியைத் தனியே பொறுக்கித் தர வண்டியில் வழியில்லை. ஆகையால் மொத்தத்தையும் பன்மடங்காகப் பெய்து, அதில் ஆவியாகும் சிறு பங்கே எரிவதற்குப் போதும்படி செய்ய வேண்டியிருக்கிறது. இதை உணர்ந்தே, பனி நாடுகளின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் குளிர்காலத்துப் பெட்ரோலில், பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும் ப்யூட்டேனை அதிகமாகச் சேர்க்கின்றன.

எஞ்சின் ஆயில் கெட்டிப்படுவதும், பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில் பாட்டரி தன் சக்தியில் பாதியளவை இழந்துவிடுவதும் உண்மையே. ஆயினும் அவை பெரும்பாலும் எஞ்சின் எழாமைக்குக் காரணங்களேயன்றி, எழுந்தது நின்றுபோவதற்குக் காரணங்கள் அல்ல. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் புதுப் பாட்டரி வாங்கி ஏமாந்தவர் பலர்.

அதிக எரிபொருள் வேண்டும் என்ற தேவையைக் கார்புரேட்டர் காலத்தில் சோக் பூர்த்தி செய்தது; நம் ஊரில் பழைய ஸ்கூட்டரை மார்கழிக் காலையில் சோக்கை இழுத்து உதைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு வந்த எலெக்ட்ரானிக் முறையில் அந்த ஒரே கடமை பல உறுப்புகளுக்குப் பங்கிடப்பட்டது. 1980-களின் நடுவிலிருந்து 1995 வரையில் டொயோட்டா கம்பெனி அமெரிக்காவில் ‘பிக்கப்’ என்ற பெயரிலேயே விற்றதும், இன்றும் பலர் விடாமல் ஓட்டி வருவதுமான வண்டியின் 22ஆர்-இ என்னும் நாலு சிலிண்டர், 2,366 சி.சி. எஞ்சினை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். சிலிண்டருக்கு ஒன்றாக நாலு இன்ஜெக்டர்கள் போக, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பெட்ரோலைப் பீச்சுவதற்கென்று ஐந்தாவது இன்ஜெக்டர் ஒன்று அதில் இருக்கிறது. அது அளவு மீறிப் பீச்சி எஞ்சினை மூழ்கடிக்காதபடி, இருவித உலோகத் தகட்டாலான ஒரு ஸ்விட்ச் சில விநாடிகளில் அதை நிறுத்திவிடுகிறது. எஞ்சின் எழுந்த பிறகு, ரேடியேட்டர் தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு சென்சார் மூலம் அறிந்து, மற்ற நாலு இன்ஜெக்டர்களும் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் நிர்ணயிக்கிறது. கெட்டியான ஆயிலின் இழுவையை வெல்லக் கூடுதல் காற்றும் வேண்டுமல்லவா? அதற்காக, த்ராட்டிலைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சந்து இருக்கிறது; அந்தச் சந்தை, எஞ்சின் சூடேறச் சூடேற விரியும் மெழுகு ஒன்று மெல்ல மூடிவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அதில் வேலையே இல்லை. மெழுகும் வெந்நீரும் தாமாகவே முடித்துக்கொள்ளும் காரியம் அது.

இந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டவருக்கு, எஞ்சின் எந்தக் கணத்தில் நின்றது என்பதே பாதி விடையாகிவிடுகிறது.

சாவியை ஸ்டார்ட்டிலிருந்து விட்ட அதே கணத்தில் நின்றால், குளிரைச் சந்தேகிப்பதற்கு முன் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இவ்வண்டியில் ஸ்டார்ட்டர் சுழலும்வரை பெட்ரோல் பம்புக்கு நேராக மின்சாரம் கிடைக்கிறது. சாவியை விட்டதும், உள்ளே போகும் காற்றை அளக்கும் பெட்டியிலுள்ள ஒரு மடிப்புத் தகடு காற்றின் விசையால் திறந்திருந்தால்தான், அதனோடு சேர்ந்த தொடர்பின் வழியே பம்பு ஓடும். விபத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பம்பும் நின்றுபோக வேண்டும் என்ற நல்ல யோசனையால் செய்த ஏற்பாடு இது. ஆனால் அந்தத் தொடர்பு தேய்ந்துபோனாலோ, அளவுப் பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் கிழிந்து காற்று குறுக்கு வழியில் புகுந்தாலோ, தகடு சரியாகத் திறக்காமல் எஞ்சின் உடனே அடங்கிவிடும். பானெட்டுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் எஃப்.பி., பி-ப்ளஸ் என்று குறித்த இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பம்பை நேராக ஓடவிட்டுப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். 1970-களின் டாட்ஜ் பிக்கப்களிலும் இதே அறிகுறி வேறு காரணத்தால் தோன்றும்: அங்கே இக்னிஷனுக்குப் போகும் பீங்கான் மின்தடை அறுந்துபோனால், ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் பொறி கிடைத்து, சாவியை விட்டதும் மறைந்துவிடும். டொயோட்டாவில் பம்பின் மின்சாரத்தில் குறையில்லையென்றால், ஐந்தாவது இன்ஜெக்டர் ஊட்டிய வரையில் ஓடிய எஞ்சின், மற்ற நாலும் போதிய அளவு தராததால் நின்றது என்று அனுமானிக்கலாம்.

சில விநாடிகள் ஓடித் தள்ளாடி நிற்குமானால், ஆக்ஸிலரேட்டரை மிக இலேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் நிமிர்ந்து ஓடுமானால் குறைவு காற்றில். மெழுகு வால்வின் சந்து கரியால் அடைபட்டிருக்கலாம், அல்லது மெழுகு நீட்டியபடியே இறுகிப்போயிருக்கலாம். குளிர்ந்த நிலையில் அந்தச் சந்தை அடைத்தால் எஞ்சினின் சுற்று குறைய வேண்டும். நன்றாகச் சூடேறியபின் அடைத்தால் பெரும்பாலும் மாறாதிருக்க வேண்டும். குளிரிலேயே மாறவில்லையென்றால் வால்வு திறக்கவே இல்லை என்பது நிச்சயம். இதற்கு மாறாக, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் எஞ்சின் இருமிக்கொண்டு அடங்குமானால் குறைவு பெட்ரோலில். அப்போது உஷ்ணம் காட்டும் சென்சாரை விசாரிக்க வேண்டும்.

இந்தச் சென்சாரின் தத்துவம் பழமையானது. உலோகங்கள் சூடானால் மின்சாரத்தை அதிகமாகத் தடுக்கும் என்பது பொது விதியாயிருக்க, 1833-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, வெள்ளி சல்ஃபைடு சூடாகச் சூடாக மின்சாரத்தைத் தாராளமாக விடுவதைக் கண்டு வியந்து எழுதி வைத்தார். அதே குணமுள்ள தெர்மிஸ்டர் என்ற சிறு துண்டுதான் இன்று தண்ணீரில் முனை நனைய அமர்ந்திருக்கிறது. 22ஆர்-இ எஞ்சினில் அதன் மின்தடை, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் பத்திலிருந்து இருபது கிலோ ஓம். பூஜ்யத்துக்கு மேலே இருபதில் இரண்டிலிருந்து மூன்று. எண்பதில் அரை கிலோ ஓமுக்கும் குறைவு. உறைபனியில் கிடக்கும் எஞ்சினைப் பற்றி அது ‘வெதுவெதுப்பாக இருக்கிறது’ என்று பொய் சொன்னால், கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. வயர் அடியோடு அறுந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும்; எச்சரிக்கை விளக்கு இரண்டும் இரண்டுமாகச் சிமிட்டி 22 என்ற குறியைக் காட்டும். ஆனால் பாதி உண்மை சொல்லும் சென்சாரைக் கண்டுபிடிக்க அதனால் ஆவதில்லை; அளவின் எல்லைக்குள் இருக்கும் எந்த எண்ணையும் அது மெய்யென்றே ஏற்றுக்கொள்ளும்.

இங்கேதான் இரவின் குளிர் நமக்குத் துணை செய்கிறது. விடியற்காலையில் எஞ்சினின் தண்ணீரும் வெளிக்காற்றும் ஒரே உஷ்ணத்தில் இருப்பதால், சாவியைத் தொடுவதற்கு முன், ஒரு சாதாரண உஷ்ணமானியையும் மல்டிமீட்டரையும் கொண்டு சென்சாரின் வாக்குமூலத்தைச் சரிபார்த்துவிடலாம். சூடான எஞ்சினில் இந்த ஒப்பீடு கிடைக்காது. ரப்பர் குழாய்களின் வெடிப்பும் அப்படிப்பட்டதே. குளிரில் விறைத்துச் சுருங்கி வாய் பிளந்து அளவுக்கு வராத காற்றை உள்ளே விடும் குழாய், சூட்டில் இளகி மூடிக்கொள்வதால், மத்தியான வெளிச்சத்தில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அகப்படாமல் போகலாம்.

ஒரு விஷயத்தைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். குளிருக்கு அஞ்சி, கதவை மூடிய ஷெட்டுக்குள் இந்தப் பரீட்சைகளைச் செய்வது உயிருக்கு ஆபத்து. பெட்ரோல் மிகுந்த கலவை எரியும்போதுதான் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு அதிகமாக உண்டாகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் குளிர்ந்த நிலையில் வேலை செய்வதில்லை.

கார்புரேட்டர் வைத்த இன்னும் பழைய வண்டி, ஒழுங்காகப் புறப்பட்டு, சில நிமிஷம் ஓடிய பிறகு நின்றுபோகிறதென்றால் அது வேறு கதை. கடுங்குளிரை விட, ஐந்து பத்து டிகிரியில் ஈரம் கனத்த காலையிலேயே அது அதிகம் நிகழும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள உஷ்ணத்தை உறிஞ்சி, கார்புரேட்டரின் தொண்டையை இருபது டிகிரிவரை குளிரச் செய்வதால், காற்றின் ஈரம் அங்கே பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைத்துவிடுகிறது. சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் எஞ்சினின் சூட்டில் பனி உருகி, சாட்சியமே இல்லாமல் வண்டி மறுபடி கிளம்பும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றிய வெப்பக் காற்றை ஏர் ஃபில்டருக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாயொன்று உற்பத்தியாளரால் வைக்கப்பட்டிருக்கும். யாரோ எப்போதோ கழற்றிப் போட்ட அந்தக் குழாயைத் திரும்ப மாட்டுவதே பல வண்டிகளுக்குச் சிகிச்சையாக முடியும்.

வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்து ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சின் தலையின் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் பொருத்தத்தக்க மின்சார ஹீட்டர் ஒன்றை அமைத்து, 1949-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த பிளாக் ஹீட்டர்களின் வயர் முகப்புக் கம்பிகளுக்கிடையே தொங்குவதை அந்தப் பிரதேசத்து வண்டிகளில் சாதாரணமாகக் காணலாம். அதைக் குளிரை வெல்லும் சாதனமாக மட்டும் கருதுகிறார்கள். கோளாற்றைப் பிரித்தறியவும் அதைவிட மேலான கருவி கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஏறக்குறைய ஒரே குளிருள்ள இரண்டு இரவுகளில், ஓர் இரவு ஹீட்டரைச் செருகியும், மறு இரவு செருகாமலும் வைத்து, இரு காலைகளிலும் வேறெதையும் மாற்றாமல் வண்டியைக் கிளப்பிப் பார்க்க வேண்டும். ஹீட்டர் இருந்த காலையில் எஞ்சின் நிற்காமல் ஓடினால், குற்றம் எஞ்சினின் உஷ்ணத்தோடு சம்பந்தப்பட்ட சென்சாரிலோ மெழுகு வால்விலோ காற்றுக் கசிவிலோதான் இருக்க முடியும். வெந்நீரோடு எழுந்தும் முன்போலவே நின்றால், ஹீட்டரின் சூடு எட்டாத பெட்ரோல் டாங்கையும், பம்பையும், நீர்த்துளி உறைந்து அடைத்திருக்கக்கூடிய குழாயையும், பம்பின் மின்தொடர்பையும் தேடிக்கொண்டு வண்டியின் பின்புறமாகப் போக வேண்டியதுதான்.