கணினியின் பதிப்பை அறிதல்

வகுப்பறையிலே ஆசிரியர், "42ஆம் பக்கத்தைத் திறவுங்கள்" என்று சொன்னதும், ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "என்னுடைய புத்தகத்தில் அந்தப் பாடம் இல்லை, சேர்" என்று முறையிடுவதுண்டு. வாங்கிப் பார்த்தால், அது அவனுடைய தமையன் படித்துவிட்டுக் கொடுத்த பழைய பதிப்பாக இருக்கும். அட்டையும் பெயரும் ஒன்றே. உள்ளே இருப்பவை வேறு. பதிப்பாண்டைப் பார்த்த பின்னரே அப் புத்தகம் உதவுமா, உதவாதா என்று சொல்லலாம்.

நம் வீடுகளிலும் கந்தோர்களிலும் இருக்கின்ற கணினிகளின் நிலையும் இத்தகையதே. நேயர்களே, யான் கணினி கற்ற விஞ்ஞானப் பட்டதாரியல்லன். வரலாறும் தமிழும் படித்த கலைப் பட்டதாரி. ஆயினும், ஒரு பாடசாலையின் அதிபர் என்ற முறையில் இவ்விடயத்திலே பட்டறிந்தவன்.

2025ஆம் ஆண்டின் இறுதியிலே, பாடசாலையிலுள்ள கணினிகளின் விபரங்களைக் கேட்டு ஒரு படிவம் வந்தது. "பணிசெயல் முறைமையும் அதன் பதிப்பும்" என்பது அதில் ஒரு நிரல். ஆசிரியர் ஒருவர் கணினியைச் செய்த கம்பனியின் பெயரைச் சொன்னார். எழுதுவினைஞர் "ஒபிஸ் 2010" என்றார். யானோ ஆய்வுகூடத்துக் கணினியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சிறு தாளைப் பார்த்து, "விண்டோஸ் 7" என்று எழுதத் தொடங்கினேன். அருகில் நின்ற 11ஆம் தர மாணவி மெதுவாகச் சொன்னாள்: "சேர், அது வாங்கின நாளில் ஒட்டின தாள். இப்ப உள்ளே என்ன இருக்கிறதென்று கணினியிடம்தான் கேட்க வேணும்."

அம் மாணவி சொன்னதே இப் பேச்சின் சாரம். எனினும், எங்கள் மூவருடைய விடைகளும் ஏன் பிழைத்தன என்பதை முதலிற் காண்போம். கணினியை ஒரு பாடசாலைக்கு ஒப்பிடலாம். கட்டடமும் மேசை கதிரைகளும் வன்பொருள்; ஆசிரியர் சொன்னது இதைச் செய்தவரின் பெயர். வகுப்பறைகளில் நடைபெறும் பாடங்கள் பிரயோக மென்பொருள்கள். எழுதுவினைஞர் சொன்ன ஒபிஸ் இவ்வகையினது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, எந்த அறை எப்போது எவருக்கு, வாயிற்கதவை யாருக்குத் திறப்பது, யாருக்கு அடைப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் நிருவாகமே பணிசெயல் முறைமை. விண்டோஸ், மக் ஓ.எஸ்., லினக்ஸ் என்பன அத்தகைய நிருவாகங்களின் பெயர்கள். கட்டடம் பழையதாயிருக்க நிருவாகம் புதிதாகலாம். கட்டடம் புதியதாயிருக்க நிருவாகம் பழையதாகவே இருந்துவிடவுங் கூடும். ஆதலால் வெளித்தோற்றம் சான்றாகாது.

இனி, கணினியிடம் கேட்கும் முறையைச் சொல்வேன். விண்டோஸ் உள்ள கணினியாயின், விசைப்பலகையின் கீழ்வரிசையில் சாளர அடையாளம் பொறித்த விசையை அழுத்தியபடியே "ஆர்" எழுத்தை அழுத்துக. சிறு பெட்டியொன்று தோன்றும். அதனுள்ளே டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் என்னும் 6 ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியின்றி எழுதி, "என்ரர்" விசையை அழுத்துக. உடனே முறைமையின் பெயரும் பதிப்பும் ஒரு சாளரத்திலே தோன்றும். பழைய விண்டோஸ் 7இலும் புதிய விண்டோஸ் 11இலும் இம் முறை ஒன்றே. அப்பிள் கணினியாயின், திரையின் இடது மேல்மூலையிலுள்ள அப்பிள் பழ அடையாளத்தைச் சொடுக்கி, வரும் பட்டியலில் முதலாவதாக நிற்கும் "இந்த மக்கைப் பற்றி" என்னும் பொருள்பட்ட வரியைத் தெரிக. கைத்தொலைபேசியிலும் அமைப்புகள் என்ற பகுதியிலே, தொலைபேசியைப் பற்றிய பக்கத்தில் பதிப்பெண் இருக்கும்.

தோன்றிய எண்களைப் படிக்கத் தெரிதல் அடுத்த படி. விண்டோஸ் 10 உள்ள கணினியில் "22 எச் 2" என்று காணப்படலாம். 22 என்பது 2022ஆம் ஆண்டு. எச் 2 என்பது அவ்வாண்டின் பிற்பாதி. விண்டோஸ் 10இன் இறுதிப் பதிப்பு இதுவே. உபுண்டு என்னும் லினக்ஸ் வகையிலே 24.04 என்றால் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஆகவே பதிப்பெண்ணென்பது பல இடங்களிலே பிறந்த திகதியேயாகும்.

பதிப்பெண்ணுக்கு அருகே "பில்ட்" என்னும் சொல்லும் ஒரு நீண்ட எண்ணும் இருக்கும். 22 எச் 2க்கு அது 19045; அதன்பின் ஒரு புள்ளியும் வேறு இலக்கங்களும் வரும். புள்ளிக்கு முன்னுள்ளது பதிப்பைச் சுட்டும். பின்னுள்ளது அப் பதிப்புக்கு எத்தனையாவது திருத்தம் வரை ஏற்றப்பட்டதென்பதைக் காட்டும். திருத்தம் ஏற்றப்படுந்தோறும் பின்னிலக்கம் ஏறிச்செல்லும். பல மாதங்களாக அது மாறாதிருப்பின், கணினிக்குத் திருத்தங்கள் வந்துசேரவில்லையென்பதை உணர்ந்துகொள்க.

இத் திருத்தங்கள் எதற்காக? எந்தப் பெரிய மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். அவை தெரியவருந்தோறும் உரிய கம்பனி அடைப்பனுப்பும். ஆனால் எந்நாளும் அனுப்பாது. விண்டோஸ் எக்ஸ்.பி. என்னும் முறைமைக்கு 2014 ஏப்ரல் 8ஆந் திகதியுடனும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆந் திகதியுடனும், விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடனும் பொதுவான ஆதரவு முடிவுற்றது. அந்நாளின் பின்னரும் கணினி வழமைபோல் இயங்கும். அதுவே ஆபத்து, கதவின் பூட்டுப் பழுதானதை வீடு சொல்லாது.

2017ஆம் ஆண்டு மே மாதத்திலே "வன்னாகிரை" என்னும் கொடிய மென்பொருள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைத் திறக்கவியலாதபடி பூட்டிவிட்டு, பணம் தந்தாற் றிறப்பேனென்றது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வைத்தியசாலை நிருவாகங்கள் இடர்ப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளர் சந்திப்புகள் நிறுத்தப்பட்டன. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தாக்குண்டவற்றிற் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள்; அதற்கு அப்போது ஆதரவு இருந்தது. அவ்வோட்டைக்குரிய அடைப்பும் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. ஏற்றாதவர்களே அகப்பட்டனர். ஆதலின் முறைமையின் பெயரை அறிதல் மட்டும் போதாது. திருத்தம் எதுவரை என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இனி எங்கள் படிவத்துக்கு வருவோம். பழைய தாள் ஒட்டிய ஆய்வுகூடக் கணினியில் இருந்தது விண்டோஸ் 10, 22 எச் 2. யான் எழுதப் புகுந்தபடி எழுதியிருப்பின், நல்ல கணினியொன்று உதவாப் பொருட்களின் பட்டியலிற் சேர்ந்திருக்கும். பின்னர் கந்தோரிலிருந்த கணினியிடம் கேட்டோம். புதிய திரை பூட்டியிருந்தமையால், அதுவே எங்களிடமுள்ளவற்றுட் சிறந்ததென எண்ணியிருந்தோம். "6.1, பில்ட் 7601" என்றது அது. 6.1 என்பது விண்டோஸ் 7க்கு உள்ளே வழங்கும் எண். சேர்விடாப்பு, தவணைப் புள்ளிகள், விடுகைப் பத்திரங்கள் யாவும் அதிலேதான் இருந்தன. ஐந்தாண்டுகளுக்கு மேலாக எவ்வித அடைப்புமின்றி அது இணையத்தோடு இணைந்திருந்தது.

தீங்கொன்றும் நேராதது எங்கள் நல்லூழ், எங்கள் திறமையன்று. ஒரு பிள்ளையின் விடுகைப் பத்திரம் அழிந்தால், இருபது ஆண்டின் பின் வேலைக்கு விண்ணப்பிக்கும் வேளையிலே அவரே அவ்விழப்பை அனுபவிப்பார். அன்றே இணையத் தொடுப்பைக் கழற்றினோம். கோப்புகளை இரண்டு தனித்தட்டுகளிற் பிரதிசெய்து, ஒன்றை வேறொரு கட்டடத்து இரும்பலுமாரியில் வைத்தோம்.

வீட்டிலே விண்டோஸ் 10 உள்ளவர்க்கும் ஒரு சொல். 2026 ஒக்டோபர் 13 வரை மேலதிகப் பாதுகாப்புத் திருத்தங்கள் பெறுதற்கு ஓர் ஏற்பாடு வகுக்கப்பட்டது. ஆனால் அதற்குத் தனியே பதிதல் வேண்டும். பதிப்பும் 22 எச் 2 ஆக இருத்தல் வேண்டும். விண்டோஸ் 11 உடையோரும் கவலையற்றவரல்லர். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி முடிவுநாள் உண்டு. எடுத்துக்காட்டாக, 23 எச் 2 பதிப்புக்கு, வீட்டுப் பாவனைக்குரிய வகையிலே 2025 நவம்பர் 11ஆந் திகதியுடன் ஆதரவு நின்றது. மேலும், புதிய மென்பொருளோ அச்சுப்பொறியோ வாங்குமுன், "64 பிட்" முறைமையா, "32 பிட்" முறைமையா என்பதையும் பார்த்துக்கொள்க. 64 பிட் மென்பொருள் 32 பிட் முறைமையில் இயங்காது. தொடக்கப் பொத்தானின்மீது சுட்டியின் வலப்புற விசையை அழுத்தி, "சிஸ்ரம்" என்பதைத் தெரிந்தால், அவ்விபரம் அங்கே கிடைக்கும்.

நேயர்களே, இவற்றையெல்லாம் மனனஞ் செய்ய வேண்டியதில்லை. இன்று மாலை உங்கள் கணினியைத் திறந்து அந்த 6 எழுத்துகளையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். தோன்றும் பெயர், பதிப்பு, பில்ட் எண் மூன்றையும் நாட்குறிப்பிலே திகதியிட்டுக் குறித்துவையுங்கள். தவணைதோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான். வழி தெரியாவிட்டால், வீட்டிலுள்ள பிள்ளையைக் கேளுங்கள். யானும் அவ்வாறே அறிந்துகொண்டேன்.