அழுகையில் தொடங்கும் கொண்டாட்டம்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், 55ஆம் தெருவில், சிட்டி சென்டர் என்றொரு பழைய அரங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பரில், ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் நாட்களில், ஆல்வின் எய்லி அமெரிக்க நடனக் குழு அங்கே வாரக்கணக்கில் ஆடுகிறது. புதிய படைப்புகள் பல இருந்தாலும், பெரும்பாலான மாலைகளை முடித்துவைப்பது 1960இல் எய்லி உருவாக்கிய 'ரெவலேஷன்ஸ்' என்ற நவீன நடனம்தான். அது சுமார் 36 நிமிடம் ஓடும். கடைசிப் பாட்டு தொடங்கியதும் பார்வையாளர்கள் கைதட்டி எழுந்து நிற்பார்கள். முடிந்த பிறகும் விடமாட்டார்கள். அந்தப் பகுதியை மறுபடி ஆடிக்காட்டுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. நவீன நடனம் என்றால் இறுக்கமானது, எளிதில் புரியாதது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. 1930இல் மார்த்தா கிரஹாம் ஒரு துணிக் குழாய்க்குள் உடலை அடைத்துக்கொண்டு, பெரும்பாலும் உட்கார்ந்தபடியே ஆடிய 'லேமன்டேஷன்' போன்ற படைப்புகளால் அந்தக் கலையின் பெயரே துக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. அத்தகைய மேடையில் மகிழ்ச்சியை ஆடுவது இலகுவான வேலை என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. துக்கத்தைக் காட்டுவதைவிட மகிழ்ச்சியை நம்பும்படி காட்டக் கூடுதல் உழைப்பும் கூடுதல் கட்டுக்கோப்பும் வேண்டும்.

'ரெவலேஷன்ஸ்' எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பழுப்பு நிற உடையணிந்த ஒரு கூட்டம் மேடை நடுவில் நெருக்கியடித்து நிற்கிறது. முழங்கால்கள் மடங்கியிருக்கின்றன, தலைகள் குனிந்திருக்கின்றன. விரல்கள் விரிந்த கைகள் இறக்கையைப் போல மெல்ல உயர்கின்றன. ஆனால் உடல் தரையைவிட்டுக் கிளம்புவதில்லை. ஏதோ ஒரு பாரம் தோளில் இருப்பது ஒரு சொல் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. அடுத்த பகுதியில் ஞானஸ்நானம். நீளமான நீல, வெள்ளைத் துணிகளை மேடையின் குறுக்கே இழுத்துப் பிடித்து அலையடிக்க வைக்கிறார்கள். பெரிய வெள்ளைக் குடையோடு ஒரு பெண் அந்த ஆற்றில் இறங்கி ஆடுகிறாள். அதன்பின் தனி ஆளாக ஒருவர், தரையில் இடுப்பு மட்டும் படிந்திருக்க, காலையும் முதுகையும் உயர்த்தி நிறுத்தி, மேலே எழ முயல்கிறார். மறுபடி மறுபடி தரைக்கே திரும்புகிறார். லாஸ் ஏஞ்சலஸில் லெஸ்டர் ஹார்ட்டன் என்ற நடன ஆசிரியரிடம் எய்லி கற்ற பயிற்சியின் கடுமை அந்தச் சில நிமிடங்களில் அப்படியே தெரியும். மூன்றாம் பகுதியின் வாசலில் மூன்று ஆண்கள் இறைவனின் தீர்ப்பிலிருந்து தப்பியோடுகிறார்கள். இவ்வளவையும் கடந்த பிறகுதான் மஞ்சள் உடையும் தொப்பியும் விசிறியுமாகப் பெண்கள், உட்காரும் ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அப்போதும் உடனே துள்ளல் இல்லை. வெக்கையில் விசிறிக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். விசிறியின் அசைவே தாளமாகிறது. அது தோளுக்கும் இடுப்புக்கும் இறங்குகிறது. ஆண்களும் சேர்ந்த பிறகுதான் மொத்த மேடையும் ஒரே வீச்சில் ஆடுகிறது. அரைமணி நேரம் தேக்கிவைத்துத் திறந்துவிட்ட மகிழ்ச்சி என்பதால்தான் அதற்கு அவ்வளவு வேகம்.

இந்த நடனத்தின் பாட்டுகளும் துயரத்திலிருந்து எழுந்தவையே. ஸ்பிரிச்சுவல் எனப்படும் இந்தப் பக்திப் பாடல்கள் அமெரிக்கத் தெற்கில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களிடம் பிறந்தவை. பைபிள் கதைகளின் ஆறும் கரையும் அவர்களுக்கு விடுதலைக் கனவாகவும் இருந்தன. எய்லி 1931இல் டெக்சஸின் ரோஜர்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தாயோடு பருத்திக்காட்டில் நின்றவர். ஞாயிறு வழிபாட்டையும் நீரில் முக்கும் ஞானஸ்நானத்தையும் சிறுவயதில் கண்ணால் கண்டவர். அந்த நினைவுகளைத்தான் 29ஆம் வயதில் மேடையேற்றினார். முதல் நிகழ்ச்சி 1960 ஜனவரி 31 அன்று. அதற்கு மறுநாள், பிப்ரவரி 1 அன்று, வட கரோலைனாவின் கிரீன்ஸ்போரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய ஒரு கடையின் உணவு மேசையில் போய் உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் ஒரு சாப்பாட்டு மேசையில் உட்காரக்கூட உரிமையில்லாத மக்களின் ஞாயிற்றுக்கிழமையை, அதன் அலங்காரத்தோடும் மிடுக்கோடும் மேடையில் நிறுத்தியது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்தத் தேதிகள் காட்டுகின்றன.

எய்லியின் கதை தனிக்கதை என்று யாரும் சொல்லலாம். ஆனால் நடன அமைப்பாளர் பால் டெய்லர் 1975இல் அமைத்த 'எஸ்பிளனேட்' நடனமும் இதையே காட்டுகிறது. அது அடிமை வரலாற்றிலிருந்தோ கோயில் பாட்டிலிருந்தோ பிறந்ததல்ல. இசையமைப்பாளர் பாக்கின் வயலின் இசைக்கு நடப்பது, ஓடுவது, சறுக்குவது, விழுவது, இவ்வளவுதான். ஆனால் அதன் இரண்டாம் பகுதி இருண்டது: ஒரு குடும்பம்போல நிற்பவர்கள் ஒருவரையொருவர் தொடாமலே விலகிப்போகிறார்கள். இறுதிப் பகுதியில் ஆட்டக்காரர்கள் தங்களை முழு வேகத்தில் தரையில் எறிந்துகொண்டு, அதே வேகத்தில் எழுந்து ஓடும்போது மனம் பொங்குகிறதென்றால், அந்தத் தொடாத கைகளை முன்பே பார்த்திருக்கிறோம் என்பதும் ஒரு காரணம். அடிபடும் ஆபத்து கண்முன் இருப்பது இன்னொரு காரணம்.

எதிர்க்கருத்துகள் இல்லாமல் இல்லை. ஆண்டுக்காண்டு ஒரே படைப்பால் மாலையை முடிப்பது டிக்கெட் விற்பனைக்கான வழி என்கிறார்கள். விற்பனைக்கு அது உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதே குழு நூற்றுக்கும் மேற்பட்ட நடன அமைப்பாளர்களின் படைப்புகளை ஆடியிருக்கிறது. பழகிய நடனத்துக்காக வருகிறவர் அதற்கு முன் பழகாத ஒன்றையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார். நடனம் மக்களிடமிருந்து வந்தது, மக்களிடமே திரும்பிச் சேரவேண்டும் என்று எய்லி சொல்லிவந்ததற்கு இது பொருந்துகிறது. இன்னொரு குறை கனமானது: துன்பத்தைக் கொண்டாட்டமாக முடித்தால் பார்ப்பவர் மனம் லேசாகி, அநீதியை மறந்து வீடு திரும்புவார் என்பது. முதல் பகுதியின் குனிந்த தலைகள் இல்லாமலிருந்தால் இதை நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் இந்த நடனத்தில் யாரும் மீட்கப்படுவதாகக் காட்டவில்லை. அதே மக்கள், அதே வெக்கையில், தங்கள் கண்ணியத்தைத் தாங்களே காப்பாற்றிக்கொள்கிறார்கள். பலநூறு முறை ஆடிய கால்களில் சிலசமயம் பழக்கத்தின் சோர்வு தெரியும் என்பது மட்டும் உண்மையே. முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பு வந்த மாலையில் கடைசிப் பகுதி வெறும் கூத்தாகிவிடும்.

இந்த நடனத்துக்கு நிஜமாகவே கேடு செய்வது, கடைசிப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து விருந்து விழாக்களிலும் தொலைக்காட்சியிலும் ஆடுவதுதான். மஞ்சள் உடைகளை மட்டும் பார்த்தவர் அதை உற்சாகமான குழு நடனம் என்று நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. நம்மில் பலர் இதை இணையக் காணொளியில்தான் பார்க்கப்போகிறோம். துண்டுக் காட்சிகளை ஒதுக்கிவிட்டு முழுப் பதிவைத் தேடி, பழுப்பு உடைக் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள்.