மலை ஏறப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். நம்ம ஊரில் செம்மண்ணும் கண்மாயும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குன்றக்குடி சண்முகநாதர் கோயில் படிகளில் ஏறாதவர் நம் பள்ளியில் யாராவது உண்டா? அதுவும் மலையேற்றம்தான். அடுத்து திருமயம் கோட்டை. இந்த இரண்டையும் மூச்சு வாங்காமல் ஏறுகிறவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய மலை இருக்கிறது. அதுதான் பிரான்மலை!

திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போக வேண்டும். கடையேழு வள்ளல்களில் ஒருவரான பாரியின் பறம்பு மலை இதுதான் என்று சொல்கிறார்கள். தமிழ் ஐயா நடத்தினாரே, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, அவரேதான். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில். சம்பந்தர் பாடிய தலம். பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று அடுக்காக இருக்கும். உச்சியில் ஒரு தர்காவும் இருக்கிறது. உயரம் இரண்டாயிரம் அடிக்கு மேல்.

போன வருஷம் மே மாத லீவில் மாமா, மாமா மகன், நான் மூன்று பேரும் போனோம். அவன் எட்டாவது படிக்கிறான். சிங்கம்புணரியில் இட்லி, பூரி என்று சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு ஏற ஆரம்பிக்கும்போது மணி பத்தரை. மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் தண்ணீர். காலில் ரப்பர் செருப்பு. இதில் எத்தனை தப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டு வையுங்கள்.

முக்கால்வாசி தூரம் ஏறியதும் மாமா மகன் பேச்சை நிறுத்திவிட்டான். பிறகு "தலை வலிக்குதுப்பா" என்றான். முகம் வெளுத்துப்போய், சட்டை பிழிகிற மாதிரி வியர்வை. தண்ணீர் பாட்டிலில் நாலு மடக்குதான் மிச்சம். மாமா உடனே "இறங்குவோம்டா" என்றார். எனக்கு உச்சி தெரிகிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் கொஞ்ச தூரம்தான் மாமா, அவனை இந்த நெழல்ல உக்கார வச்சிட்டு நாம மட்டும் போயிட்டு வந்துருவோம்." மாமா பதிலே பேசவில்லை. மிச்சத் தண்ணீரில் பாதியைத் துண்டில் நனைத்து அவன் கழுத்தில் போட்டார், மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார், கையைப் பிடித்து இறக்கிக்கொண்டே வந்தார். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். நான் உர்ரென்று பின்னாலேயே வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவனுக்கு வந்தது வெப்பத் தளர்ச்சி. நம் உடம்பு சூட்டைக் குறைப்பது வியர்வை ஆவியாவதால்தான். ஏறும்போது தசைகள் உள்ளே சூட்டை உண்டாக்கும், பாறையும் வெயிலை வாங்கித் திருப்பி அடிக்கும். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். அந்த நேரத்தில் நிழல், ஈரத்துணி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் சரியாகிவிடும். அதையும் தாண்டி, ஆள் உளறத் தொடங்கி உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் அது வெப்ப வாதம். உயிருக்கே ஆபத்து. உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நான் சொன்ன மாதிரி அவனைத் தனியாக உட்கார வைத்திருந்தால், உளறுகிறான் என்று பார்த்துச் சொல்லக்கூட ஆள் இருந்திருக்காது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. 1892-ல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. இப்போதைய அளவில், 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஒரு மலையில் 4 கிலோமீட்டர் நடையும் 500 மீட்டர் ஏற்றமும் இருந்தால் 48 நிமிடமும் 50 நிமிடமும் சேர்த்து 98 நிமிடம். இது நல்ல பழக்கம் உள்ள ஆளுக்கு, ஓய்வு சேர்க்காமல். நம்மைப் போன்றவர்கள் இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது!

அந்த நாட்டு மலைகள் ரொம்பப் பெரிது என்று நினைத்துவிடாதீர்கள. பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். நம்ம கொடைக்கானல் ஊரே 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் இறங்கிவிடுகிறோம்! ஆனாலும் அங்கே வருஷா வருஷம் மலையில் ஆட்கள் சாகிறார்கள். காரணம் குளிர், காற்று, திடீரென்று மூடும் பனிமூட்டம். ஆகவே உயரத்தை மட்டும் பார்த்து மலையை எடை போடக்கூடாது. அங்கே குளிர் என்றால் இங்கே வெயில். அப்புறம் தீ.

குரங்கணி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் போடிக்குப் பக்கத்தில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். மாசி, பங்குனியில் மலைப்புல் சருகாகக் காய்ந்து கிடக்கும். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், ஏனென்றால் சூடு மேலே போய் அங்குள்ள புல்லை முன்னாலேயே காய வைத்துவிடுகிறது. அதனால் தீயைக் கண்டால் மேலே ஓடக்கூடாது. வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம், இவைதான் கொஞ்சமாவது பாதுகாப்பு. அந்த வருஷமே அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடுதான் அனுப்புகிறார்கள். தீ மாதங்களில் மூடிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் குரங்கணியும் உண்டு.

எங்கள் பெரியப்பா வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி வந்தவர். பக்தர்களை பிப்ரவரி முதல் மே வரைதான் விடுவார்கள். பாதி ராத்திரியில் ஏறத் தொடங்கி விடியும்போது உச்சிக்குப் போனாராம். "ஏறும்போது மூச்சு போச்சு, எறங்கும்போது முட்டி போச்சு" என்பார். இறங்கும்போது உடம்பின் எடை முழுக்க முழங்காலில் விழுகிறது, களைப்பில் கால் வழுக்குகிறது. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கமே போகக்கூடாது. அங்கே மூச்சுத் திணறி இறந்தவர்கள் பலர்.

இந்த வருஷம் பொங்கல் லீவில் மறுபடி பிரான்மலைக்குப் போனோம். ஆறு மணிக்கே அடிவாரத்தில் நின்றோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், எலுமிச்சம்பழம், உப்பு, எல்லோர் காலிலும் ஷூ. முதலில் உச்சியைத் தொட்டது மாமா மகன்தான்! கீழே கண்மாய்கள் எல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னின. நான் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தேன். அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். "பாதியை வைடா. இன்னும் எறங்கணும்ல?"