வெந்நீரும் காற்றும்

குளிர்காலத்து வைகறையில் வெந்நீரில் நீராடுவது ஒரு சுகம் என்பதை நேயர்கள் எவரும் மறுக்கமாட்டீர்கள். நம் பாட்டிமார் காலத்தில் அந்தச் சுகத்திற்குச் சிறிது விலை கொடுக்க வேண்டியிருந்தது. தவலையில் நீர் நிரப்பி, விறகை மூட்டி, ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இன்றோ குழாயைத் திருகியவுடன், சுவரில் தொங்கும் சிறு பெட்டிக்குள் தீ தானே மூண்டு வெந்நீர் கொட்டுகிறது. கீசர் என்று நாம் வழங்கும் இந்த வாயு வெந்நீர்க் கருவியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். விறகின் புகை கண்ணைக் கரித்து நம்மை வெளியே விரட்டியது. இந்தப் பெட்டியில் பிறக்கும் நஞ்சோ கண்ணுக்கும் தெரியாது, மூக்கிற்கும் எட்டாது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், உதகமண்டலத்தில் என் தங்கையின் இல்லத்தில் தங்கியிருந்தேன். குளிருக்கு அஞ்சி, குளியலறைச் சாளரத்தின் இடுக்குகளையெல்லாம் பழைய செய்தித்தாளால் அடைத்தவன் நானேதான். மறுநாள் காலை தங்கை மகள் நீராடச் சென்றாள். கால் மணி நேரம் கழிந்தது. நீர் விழும் ஓசை கேட்டது. அழைத்தால் மறுமொழி இல்லை. நல்லவேளையாகத் தாழ்ப்பாள் பழையது. தோளால் முட்டியதும் கதவு திறந்துகொண்டது. குழந்தை நினைவிழந்து தரையில் கிடந்தாள். வெளியே தூக்கி வந்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே பிராணவாயு செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். "தலை கொஞ்சம் வலித்தது, மாமா, குளித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்" என்று அவள் பின்னர் கூறிய சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நேர்ந்தது என்ன? நம் வீட்டு உருளையில் அடைபட்டிருப்பது புரோபேன், பியூட்டேன் என்னும் வாயுக்களின் கலவை. ஒரு படி புரோபேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 24 படி காற்று வேண்டும். மலைமேலோ காற்றின் அடர்த்தியே சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாளரத்தையும் அடைத்துவிட்டால் தீ எதை உண்ணும்? அரைவயிற்றுத் தீ, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைக் கக்குகிறது. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இந்த நஞ்சை இருநூறு மடங்கிற்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் பிராணவாயு உடலுக்குச் சேராது.

"நாற்றமே இல்லையே, அபாயம் எப்படி வரும்?" என்று சிலர் கேட்பதுண்டு. கசிவை நாம் உணரும்பொருட்டு எரியாத வாயுவில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். தீயில் அதுவும் எரிந்துவிடுகிறது. எஞ்சும் நஞ்சிற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890-களில் இந்த வாயுவைத் தாமே முகர்ந்து, அது உடலை எவ்வாறு தாக்குகிறது என்று ஆராய்ந்தார். மனிதனுக்கு முன்பே சிறு உயிர்கள் சோர்ந்துவிடும் என்பதால், அவற்றைச் சுரங்கங்களில் துணைக்குக் கொண்டு செல்லலாம் என்றார். அவ்வாறே பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிப் பறவைகள் 1986 வரை காவல் புரிந்தன. நம் குளியலறையில் பறவை இல்லை. நாமேதான் விழிப்பாக இருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது தீயின் நிறம். நீலமாகவும் நிலையாகவும் எரிந்தால் நலம். மஞ்சளாக நாக்கு நீட்டினாலோ, பெட்டியின் மேல் கரி படிந்தாலோ, அன்றே அணைத்துவிடுங்கள். அடுத்தது காற்று வழி. கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுவதே சாலச் சிறந்தது. புகைபோக்கி வெளிவரை சென்று முடிகிறதா, பறவைக் கூடு அதை அடைத்திருக்கிறதா என்றும் காண வேண்டும். எரிந்த புகை மேலே எழும். கசிந்த வாயுவோ கனமானது, தரையில் தங்கும். ஆதலால் மேலும் கீழுமாக இரு திறப்புகள் தேவை.

துப்புரவு செய்யுமுன் உருளையின் ரெகுலேட்டரை மூடி, மின்கலத்தையும் கழற்றிவிட்டு, கருவி நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். காற்றுத் துளைகளில் படிந்த தூசியையும் சிலந்திக் கூட்டையும் உலர்ந்த மென்தூரிகையால் துடைக்கலாம். நம் கை அதற்கு மேல் செல்லலாகாது. வாயு வரும் நுண்துளையை ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, தீ கெடும். உள்ளேயிருக்கும் செப்புத் தகடுகளின் கரியை நீக்குவது பயிற்சி பெற்ற பணியாளரின் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை அவரை அழையுங்கள். ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்த்து, அச்சிட்ட காலக்கெடு முடிந்ததும் மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாக வெளிப்படும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். வாயு நாறினால் எந்த விளக்கையும் போடாமல், அணைக்காமல், ரெகுலேட்டரை மூடிக் கதவுகளைத் திறந்து வெளியேறி, 1906 என்னும் அவசர எண்ணை அழையுங்கள்.

இந்த நச்சு வாயுவைக் கண்டு கூவும் மின்மணிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி மாட்டுதல் நன்று. ஆயினும் மணி கூவட்டும் என்று சாளரத்தை அடைத்துவிடக் கூடாது. நீராடும்போது தலை வலித்தாலோ, கால் தளர்ந்தாலோ, நீரை நிறுத்திவிட்டு உடனே வெளியே வாருங்கள்.

என் தங்கை வீட்டில் இப்போது கருவி வெளிச்சுவரில் இருக்கிறது. குளியலறைச் சாளரத்தின் ஒரு கதவை நானே கழற்றிவிட்டேன். மார்கழிக் குளிர் உள்ளே வரத்தான் செய்கிறது. வந்துவிட்டுப் போகட்டும்!